இரண்டு விரதங்களுக்கு நடுவே ஒரு பாட்டில்

வருடத்தில் ஒரு சாயங்காலம்தான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒயின் குடிப்போம். நல்ல பிள்ளைகள் என்று பெயர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்களுக்கு வாய்த்த நாள்காட்டி அப்படி.

மூவரில் ஒருவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஃபெரியில் கிடைத்தவர். இருபது வருடத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமானவர். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பார். அந்த நாட்களில் ஒயின் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். இன்னொருத்தி அதே பெஞ்சில் கிடைத்த டீச்சர், தமிழ்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள், கத்தோலிக்கர். திருநீற்றுப் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் அவளுக்குத் தவக்காலம். பூசத்துக்கும் திருநீற்றுப் புதனுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வாரம்தான். அதற்குள் சீனப் புத்தாண்டுப் பெருநாளும் வந்து குந்திக்கொண்டால் பாதிக் கடைகள் கதவை இழுத்துவிடும். மிச்சம் இருக்கும் நாட்களில் மூன்று பேருக்கும் தோதான ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். பிடிப்பவள் நான். எனக்கு எந்த விரதமும் கிடையாது என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஈஸ்டருக்குப் பிறகு நாளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மற்ற மாதங்களிலும் சந்திப்போம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம். ஆனால் ஒயின் கிடையாது. இரண்டு விரதங்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில் ஒரு பாட்டிலை நுழைப்பதில்தான் ருசி. கடவுள்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஒயின் வாங்குவதும் நான்தான். எனக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். திருகாணியும் அட்டைப்பெட்டியும் எங்கே மலிவு என்று கேளுங்கள், சொல்கிறேன். அதே புத்தியை ஒயினிலும் காட்டுகிறேன். சீனப் பெருநாளுக்கு விற்காமல் தங்கிப்போன பரிசுக்கூடைகளை சூப்பர்மார்க்கெட்டில் பிரித்துப்போட்டு, உள்ளே இருந்த சிவப்பு ஒயினைத் தனியாக விலை குறைத்து வைப்பார்கள். கழுத்தில் சிவப்பு நாடாவின் பசை ஒட்டிக்கொண்டிருக்கும். விலை முப்பது வெள்ளிக்கு மேல் போகாது. மூடி திருகுகிற மாதிரி இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. கார்க் போட்ட பாட்டிலை நாங்கள் ஒரு முறை கரண்டிக் காம்பால் உள்ளே குத்தித் தள்ளி, மூன்று பேரும் தக்கைத்தூளைத் துப்பிக்கொண்டே குடித்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு மனைவி தவறி ஒன்பது வருடம். டீச்சர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் அந்த வயது கடந்துபோய்விட்டது. அவருக்கு ஐம்பத்தாறு, அவளுக்கு ஐம்பத்தொன்று. டீச்சரிடம் கல்யாணம் கேட்க வேண்டும் என்று அண்ணன் என்னிடம் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. கேட்பதற்கு அவருக்குப் பயம். மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால் கல்யாணம் போனால் போகிறது, ஃபெரி பெஞ்சில் தொடங்கிய சிநேகிதமும் போய்விடுமே என்பது அவர் கவலை. அந்தப் பயத்தைத் தெளிய வைக்க ஒரு கிளாஸ் ஒயின் போதும் என்று போன வருடம் திட்டம் போட்டுக்கொடுத்தேன்.

திட்டம் பாதிவரை நன்றாகத்தான் போனது. ஜார்ஜ் டவுனில் ஃபெரி வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சீனக் கடை. சொந்த பாட்டில் கொண்டுபோனால் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலாளியின் மனைவி டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ்களும் ஒரு கிண்ணம் ஐஸும் கொண்டுவந்து வைப்பாள். ஐஸ் போட்டுத்தான் குடிப்போம். பினாங்கு வெயிலில் ஐஸ் போடாமல் குடிப்பவர்கள் படம் காட்டுகிறார்கள் என்பது என் கருத்து. அண்ணன் ஒரு கிளாஸை முடித்தார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தொழிற்சாலையிலிருந்து போன். துறைமுகத்தில் கண்டெய்னர் ஒன்று சுங்கத் தாள் சரியில்லாமல் நின்றுவிட்டது. வாசலில் நின்று பத்துப் பதினைந்து நிமிடம் கத்திவிட்டுத் திரும்பினால், அண்ணன் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். டீச்சர் மிளகாய்ச் சம்பல் போட்ட சர்க்கரைவள்ளிக் கீரையைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னடி என்று கேட்டேன். சம்பல் காரம் என்றாள்.

நாற்பத்தெட்டு நாள் சைவம் சாப்பிட்ட உடம்பு, ஒரு கிளாஸுக்கே சுருண்டுவிட்டது. நான் சும்மா இருப்பேனா? போனை எடுத்து அந்தத் தூக்கத்தை அப்படியே படம் பிடித்தேன். மறுநாள் அண்ணன் கூப்பிட்டு, "நான் ஏதாச்சும் கேட்டேனாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டபோது, "எங்க கேட்டீங்க? வாயத் தொறந்தீங்க, கொறட்ட விட்டீங்க, அவ்ளோதான்லா" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் படத்தை எங்கள் மூவரின் வாட்ஸ்அப் குழுவுக்கு முகப்புப் படமாகவும் வைத்தேன். அண்ணன் அசடு வழிந்தார். டீச்சர் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள். அப்புறம் யார் வீட்டு விசேஷத்தில் சந்தித்தாலும் நான் அந்தத் தூக்கத்தை நடித்துக் காட்டாமல் விட்டதில்லை.

இந்த வருடம் நான் உஷாராகிவிட்டேன். பயம் போக வேண்டும், தூக்கமும் வரக் கூடாது. யோசித்து யோசித்து ரோசெல் பூவைப் பிடித்தேன். புளிச்சகீரைக்குச் சொந்தக்காரச் செடி, பசாரில் காயவைத்து விற்பார்கள். கொதிக்கவைத்து வடிகட்டினால் நிறம் சிவப்பு ஒயினேதான். புளிப்பும் இருக்கிறது, லேசான துவர்ப்பும் இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரை போட்டு ஒரு ஃபிளாஸ்கில் அடைத்தேன். அண்ணனிடம் ஒளிக்கவில்லை. ஃபெரியில் போகும்போது ஃபிளாஸ்கைத் திறந்து காட்டினேன்.

"ஒங்களுக்கு இதான் அண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒயின் குடிப்போம், நீங்க இதக் குடிச்சிட்டு முழிச்சிட்டு இருங்க."

"டீச்சர் கண்டுபுடிச்சிட்டா?"

"ஐஸப் போட்டா யாருக்குத் தெரியும்லா? நீங்க மொகத்த மட்டும் சரியா வச்சுக்குங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கேட்க வேண்டியதை எழுதிவைத்திருக்கிறாராம். படித்தேன். 'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களே, நீண்ட காலமாகத் தாங்கள் எனக்கு அளித்துவரும் நட்புக்கும் ஒத்துழைப்புக்கும்' என்று ஆரம்பித்தது. கோயில் கமிட்டியில் வருடா வருடம் நன்றியுரை சொல்கிறவர், வேறு எப்படி எழுதுவார்?

"அண்ணே, இது கல்யாணம் கேக்குற மாதிரி இல்ல. டீச்சர் ரிட்டயர் ஆகுறாங்க போல இருக்கு."

"அப்ப என்னதான்மா கேக்குறது?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேளுங்க. முடிஞ்சிச்சு."

அவருக்கு வியர்த்தது. காற்று அப்படி வீசுகிற ஃபெரியில் ஒரு மனிதர் வியர்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த புதன்கிழமை திருநீற்றுப் புதன். இன்றைக்கு விட்டால் அவளுக்குத் தவக்காலம், தவக்காலத்தில் அவள் கல்யாணப் பேச்சே காதில் வாங்கமாட்டாள்; அப்புறம் இவருடைய தைரியம் எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம். அதையும் சொல்லி அவரை இன்னும் கொஞ்சம் வியர்க்க வைத்தேன்.

டீச்சர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். அண்ணனின் கிளாஸில் ரோசெல், மேலே நாலு துண்டு ஐஸ். ஃபிளாஸ்க் என் பைக்குள். எங்கள் இரண்டு கிளாஸிலும் ஒயின். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. முதலாளியின் மனைவி மட்டும் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

டீச்சர் வந்தாள். இப்போது அவள் குடியிருக்கிற ஜெலுத்தோங்கிலிருந்து வருகிற பத்து நிமிடத்துக்குப் புது பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். நான் கவனித்தேன், ஆனால் கவனித்ததை யோசித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. யோசித்திருந்தால் இன்னொன்றும் பட்டிருக்கும். இந்த ஊரில் நாற்பது தாண்டிய தமிழ் ஆம்பிளை யாராக இருந்தாலும் அண்ணேதான். மீன் விற்கிறவர் அண்ணே, பஸ் ஓட்டுகிறவர் அண்ணே. இருபது வருடத்தில் அவள் இவரை ஒரு தடவைகூட அண்ணே என்றதில்லை. 'இங்க பாருங்க' என்பாள், 'ஒங்களத்தான்' என்பாள். அது என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

சாப்பாடு வந்தது. இஞ்சியும் பூண்டும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன், உப்பு முட்டையில் புரட்டிய கணவாய், சம்பல் போட்ட கீரை, சட்டியில் கோழி. ஒயினை நான் முதல் வாய் குடித்தபோது நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. கணவாயின் உப்புக்குப் பிறகு குடித்தால் அந்த இழுப்பு போய், உள்ளே எங்கோ ஒளிந்திருந்த இனிப்பு வெளியே வந்தது. இந்த விலைக்கு இது போதாதா? சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய ஓட்டலில் தொழிற்சாலைச் செலவில் நான் குடித்த எதுவும் இவ்வளவு சந்தோஷமாகத் தொண்டையில் இறங்கியதில்லை. டீச்சரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எங்கள் வழக்கப்படி மூன்று பேரும் கிளாஸைத் தூக்கி, சீனக் கல்யாண வீட்டில் செய்வதுபோல 'யாம் செங்' என்று மூச்சு முடிகிறவரை இழுத்துச் சொன்னோம்.

அண்ணன் அங்கேதான் சொதப்பினார். பதற்றத்தில் கிளாஸை அப்படியே வாயில் கவிழ்த்து, சர்பத் மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு, உதட்டையும் நக்கினார்.

டீச்சர் அவரையே பார்த்தாள். கால்மணி நேரம் போனது. அண்ணன் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கேளுங்கள் என்றேன். அவர் தாள் இருந்த பையைத் தொட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுவது நின்றுவிட்டதா என்று விசாரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஒங்களுக்கு இன்னும் தூக்கம் வரலையா?" என்றாள் டீச்சர்.

"இல்லையே டீச்சர். நல்லா தெளிவா இருக்கேன்."

"போன வருஷம் இந்நேரத்துக்குக் கண்ணு சொருகிருச்சு."

கையை நீட்டி அவருடைய கிளாஸை எடுத்தாள். முகர்ந்தாள். அடியில் கரைந்து கிடந்த ஐஸ் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். அறிவியல் டீச்சரிடம் போய் நான் வேலையைக் காட்டியிருக்கிறேன்.

"ரோசெல்," என்றாள். உடனே என்னைத்தான் பார்த்தாள். "வருஷத்துக்கு ஒரு நாளு. அதுலயும் ஒனக்கு வெளாட்டா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "அதத் திட்டாதீங்க டீச்சர். நான்தான் கேட்டு வாங்கினேன். தூங்கக் கூடாதுன்னு."

"ஏன் தூங்கக் கூடாது?"

"ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். போன வருஷமே கேக்கலாம்னுதான் வந்தேன். கேக்காமயே தூங்கிட்டேன்."

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்காமயா?"

"ஆமா. இதுதான் சொல்லுச்சு, நான் ஒன்னுமே கேக்கலன்னு."

அவள் பேசியபோது குரல் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல நிதானமாக இருந்தது.

"இவ போன்ல பேச வெளிய போனா. நீங்க கிளாஸ வச்சிட்டு, டீச்சர், என்கூட வந்துருங்களேன், ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கலாம்னு சொன்னீங்க. கல்யாணமான்னு கேட்டேன். ஆமா, முறையா கோயில்லயும் செய்வோம், சர்ச்லயும் செய்வோம்னீங்க. நான் சரின்னு சொன்னேன். ரொம்ப நல்லதுன்னு சொல்லிட்டுச் செவுத்துல சாஞ்சிட்டீங்க."

அண்ணன் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"மறுநாள் காலையில வழக்கம்போல முருகர் படம் போட்டு காலை வணக்கம் அனுப்பினீங்க. அதுக்கு மேல ஒன்னும் இல்ல. சரி, கூச்சப்படுறாருன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம், போதையில ஒளறிட்டாரு, இப்ப எப்படித் தப்பிக்கிறதுன்னு பாக்குறாருன்னு நெனச்சேன்."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லடி," என்றேன்.

"ஒன்கிட்டயா?" அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ அவரு தூங்குற படத்த எடுத்து குரூப்ல மாட்டி வச்சிருந்த. ஒரு வருஷமா தெனம் காலையில அந்தப் படத்தத்தான் நான் பாக்குறேன். போற எடமெல்லாம் அதயே நடிச்சுக் காட்டுற. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் மட்டும் சிரிக்கலன்னா ஏன்னு கேப்பல்ல?"

எனக்கு யாரோ ஒருவருடைய நிச்சயதார்த்தத்தில் நான் வாயைத் திறந்து தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டியதும், டீச்சர் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. ஒன்றுமே கேட்கவில்லை என்று அவரிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, நான் அந்தப் பதினைந்து நிமிடம் மேசையிலேயே இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லி, இரண்டு பேருடைய ஒரு வருடத்தைத் தின்றிருக்கிறேன். கேலி பேசுகிற வாய் எனக்கு எப்போதும் பெருமை. அன்றைக்கு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மன்னிச்சிருங்க என்று சொல்ல வந்தவள், பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற?" என்றாள் டீச்சர்.

"வெளிய நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க."

"போன தடவ நீ வெளிய போய்தான் இவ்வளவும். உக்காரு. போன ஆஃப் பண்ணு."

உட்கார்ந்தேன். போனை அணைத்தேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தாளை மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்ல டீச்சர். ஆனா போதையில வந்த பேச்சு இல்ல அது. மூணு வருஷமா மனசுல இருக்கு. நீங்க சரின்னு சொன்னத நான் கேக்காமப் போயிட்டேனேன்னுதான் இப்ப வயிறு எரியுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

டீச்சர் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்," என்றேன்.

"முழுசா கேட்டியா?"

"முழுசா கேட்டேன்டி."

அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்து, "சரி" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் மூடுகிறதா என்று. அவர் மூடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. நான்தான் விசும்பிக்கொண்டு பாட்டிலை எடுத்தேன். மிச்சம் இருந்த ஒயினை மூன்று கிளாஸிலும் சமமாக ஊற்றினேன். அண்ணன் கையை நீட்டினார். அவர் கை படுவதற்குள் டீச்சர் அந்தக் கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.